ஆறு தட்டும் என் சாம்பிராணியும்

மேனாம்பேடு,
ஆயுத பூசை கழிந்து மூன்றாம் நாள், 1973

மதிப்புக்குரிய சம்பந்தி ரகுநாதன் அவர்களுக்குக் கன்னியம்மா கும்பிட்டு எழுதுவது. என் மகள் தாட்சாயிணியும் நம் பேரனும் உங்கள் வீட்டில் சுகமாக இருக்கட்டும். இங்கே சுகமில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் கம்பெனியில் என் மகன் நாகேந்திரனை விசாரித்து, வேலையை விட்டு நிறுத்தப் போகிறீர்கள். கம்ப்யூட்டர் அறையில் சாம்பிராணி போட்டது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டானாம். பொய். போட்டது நான். பூசைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னீர்கள், வந்தேன். லேத்துக்கெல்லாம் பொட்டு, மாலை. அந்த அறையில் இடுப்புயரப் பெட்டி ஒன்று மட்டும் வெறுமனே நின்றது. மனசு கேட்காமல் தூபக்காலோடு நுழைந்து மூன்று சுற்றுச் சுற்றினேன். பிறகு அவன் சுவிட்சைப் போட்டதும் அது கிறீச்சென்று கத்திக் கெட்டுப்போனதே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாடா கீது அதுக்குள்ள?" என்று வீட்டுக்கு வந்ததும் அவனைக் கேட்டேன்.

"ஆறு தட்டும்மா, தோசைக்கல்லு மாரி, ஒண்ணு மேல ஒண்ணு. நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்து சுத்தும். அதுமேல பூசின காந்தப் பூச்சுலதான் வெவரமெல்லாம் கீது. சீப்பு மாரி ஒரு கை தட்டுங்களுக்கு நடுவுல போய் வரும். அது நுனியில கீற ஹெட்டுதான் எழுதும், படிக்கும்."

"தட்டத் தொட்டுகினா?"

"தொட்டா போச்சு! காத்து மேல மெதக்கும். எடவெளி தலமயிரு கனம்கூட இல்ல. ஒரு தூசி சிக்கினா ஹெட்டு தட்டப் பிராண்டிடும்."

"அப்ப நான்தானேடா?"

"நீ கம்முனு கெட."

உங்கள் கம்பெனி இருக்கிற அந்தத் தொழில் எஸ்டேட் கட்டும்போது மண் சுமந்தவள் நான். அங்கேயே என் பிள்ளை சட்டை கசங்காமல் வேலைக்குப் போகிறான். அதைப் பறிக்காதீர்கள். அறுபத்தாறாம் வருசம் தாட்சாயிணி கல்யாணத்தில் எங்கள் ஊராரை மூன்றாம் பந்தியில், வடையில்லாமல் உட்கார வைத்தீர்கள். அதைக்கூட விட்டுவிடுகிறேன். குற்றம் என்னுடையது, மன்னியுங்கள். உங்கள் குடும்பம் ஒரு குறையுமில்லாமல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
கன்னியம்மா

பி.கு.: ஆளிடம் கொடுத்தனுப்ப உறையை ஒட்டும்போது நாகேந்திரன் வந்தான். பழுது பார்க்க வந்த பம்பாய் இஞ்சினீயர் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். என் புகையெல்லாம் அதன் காற்று வடிகட்டியிலேயே நின்றுவிட்டதாம். மேல் தட்டில் குங்குமமாம்! சுற்றின வேகத்தில் உதிர்ந்து எல்லாத் தட்டுக்கும் பரவிவிட்டதாம். எனக்குப் புருசன் போய்ப் பதினேழு வருசம். குங்குமம் தொட்டும் அத்தனை வருசம். அன்றைக்குச் சிமிழோடு வந்தது உங்கள் சம்சாரம் சொர்ணம் ஒருத்திதான். என்னை மட்டும் தாண்டிப் போனதால் நன்றாக நினைவிருக்கிறது. "அவங்களுக்குப் பொட்டி மூடியத் தொறந்து வுட்டது யாருடா?" என்றேன். தலை குனிந்தான். "அக்கா அந்த ஊட்ல வாழணும்மா" என்றான்.

அவன் சொல்ல மாட்டான். மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நாளை ஒன்பதரைக்கே கம்பெனி கேட்டில் நிற்பேன். சொர்ணம் அம்மாளையும் கூட்டி வாருங்கள்.