நியூஸ் மாமா வாயை மூடிய நாள்

நாய் குட்டி போட்டாலும் டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தாலும் ஒரே தொண்டையில் அறிவிக்கிற மனிதர் சத்தியவேட்டில் ஒருவர்தான், நியூஸ் மாமா. எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர். அவர் சொல்லாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்றே பிள்ளைகள் நம்பினார்கள். அந்த ஆட்டோவுக்கு ஹாரன் தேவைப்பட்டதே இல்லை.

தெருமுனையில் திரும்பும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"திருப்பதி மலைப்பாதையில சிறுத்த வந்துகீது! தக்காளி வெல ஏறிக்கினே போவுது! டேய், ஷூ லேஸ கட்டுடா!"

வளைகுடாவில் சண்டை மூண்டபோதுதான் வம்பு வந்தது. என் கணவர் அங்கே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் செல்வி மூன்றாம் வகுப்பு. வீட்டில் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நியூஸ் மாமாவை எதைப் பிடுங்கி நிறுத்துவது? அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து ஆட்டோவை மறித்தோம்.

"அண்ணா, பசங்க முன்னாடி சண்ட நியூஸ் ஒண்ணும் வேணாம்."

"வாயே தொறக்கமாட்டேன்மா."

சொன்னபடியே செய்தார், அதுதான் வினையாகிவிட்டது. எதையும் பாதியாகச் செய்யத் தெரியாத மனிதர், மறுநாள் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டு வந்தார். சிறுத்தை இல்லை, தக்காளி இல்லை, ஷூ லேஸ்கூட இல்லை.

மாலையில் செல்வி அழுதுகொண்டே இறங்கினாள்.

"நைனா ஊர்ல சண்டன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. நைனாக்கு என்னாச்சும்மா? மாமா பேசவே மாட்டன்றாரு."

மாமா மாஸ்க்குகளைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையாட்டினேன். இறங்கி வந்து அவள் எதிரே குந்தினார்.

"குண்டு போட்டுக்கினுதான் கீறாங்க பாப்பா. உங்க நைனா இருக்கற ஊர்ல இன்னி வரிக்கும் விழல. நாளைக்கி எப்டின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒங்கிட்ட மறைக்கமாட்டேன்."

செல்வி மூக்கை உறிஞ்சினாள். "அந்தச் சிறுத்த?"

"கூண்டுல மாட்டிக்கிச்சி."

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் என்னவென்று தெரிந்த பயம். மறுநாளிலிருந்து காலையில் அப்பாவிடம் போனில் பேசி, ஆட்டோவுக்குச் செய்தி கொடுப்பதே அவள் வேலை.

"செல்வி நைனா நல்லாகீறாரு! சப்பாத்திய தீச்சிட்டு அதையே துன்னுக்கினு கீறாரு!" என்று ஆட்டோ தெரு முழுக்க முழங்கும். என் வீட்டுக்காரரின் சமையல் லட்சணம் ஊருக்கே தெரிந்துபோனது.

சண்டை ஓய்ந்து, சென்னை பஸ்ஸில் வந்திறங்கிய என் கணவரை அதே ஆட்டோதான் அழைத்துவந்தது. தெருவே செய்திக்காக வாசலில் நின்றது. மாமா வாயைத் திறந்தார்; சத்தம் வரவில்லை.

"வந்துட்டாரும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

இப்போதெல்லாம் அவர் கத்தினால்தான் எனக்குப் பொழுது விடிகிறது.