பிஸ்டல் கொப்பி

2022ஆம் ஆண்டு பெப்ரவரி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பமும் சொதியும் சாட்சியாக, நான் ஒரு பிஸ்டல் வாங்கப் போவதாக என் மனைவி நிரஞ்சனிக்கு அறிவித்தேன். அறிவித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் கேட்டேன். சரி, கேட்கவும் இல்லை. ஒரு படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, சொதி நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

உடனே தப்பாக நினைக்காதேங்கோ. பேரின்பநாதன் ஆகிய நான் ஒருத்தரோடும் சண்டைக்குப் போகிற ஆளில்லை. கனடாவில் நாங்கள் இருக்கிற புரோசார்ட்டில், பக்கத்து வீட்டுக்காரன் தன் வாசல் பனியை என் வாசலுக்குத் தள்ளினாலும், பொன்ஜூர் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவன். நான் கேட்டது போட்டிக்குச் சுடுகிற பிஸ்டல். கடுதாசியில் வட்டம் போட்டு, இருபது மீற்றர் தள்ளித் தொங்கவிட்டு, அதைச் சுடுவார்கள். சேதம் கடுதாசிக்கு மட்டும்தான்.

இந்த விசரை எனக்குள் ஏற்றியவன் சாரங்கன். விமான உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவன். முப்பத்திநாலு வயது, எதற்கும் அவசரம். அதற்கு முந்தின கார்த்திகையில் தன்னுடைய சூட்டுக் கிளப்புக்கு என்னை விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனான். கிளப்புப் பிஸ்டலால் பத்து வெடி வைத்தேன். பத்துத் துளையும் ஒரு தேத்தண்ணிச் சாசருக்குள் அடங்கின. பயிற்சியாளர், ஆறடி உயரமான கியூபெக்காரர், கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு 'பா பீர்' என்றார். மோசமில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் அதற்கு மேல் ஒருவரும் ஒருவரையும் புகழ்வதில்லை.

என் வேலை என்ன தெரியுமோ? தரப் பரிசோதனை. மற்றவன் கடைந்து அனுப்பிய பாகத்தை நான் அளந்து, சரி அல்லது பிழை என்று முத்திரை குத்துவேன். இருபத்துமூன்று வருஷம். என் கையால் செய்ததை ஒருவர் அளந்து பார்த்துச் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். காருக்குள் வந்து ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாரங்கன் கேட்டதற்குக் குளிர் என்று சொன்னேன்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். அடுத்த கார்த்திகையில் கிளப்பின் குளிர்காலப் போட்டி தொடங்கும்போது புள்ளிப் பலகையில் என் பெயர் இருக்க வேண்டும். அதற்குச் சொந்தப் பிஸ்டல் வேண்டும். பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டும். பாடம் படித்தேன், சோதனை பாஸ் பண்ணினேன். கடைசியில் வந்து நின்றது அந்தப் படிவம். கனடாக்காரன் பெரிய கெட்டிக்காரன். படிவத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் விட்டிருக்கிறான். வைக்காவிட்டால், உன் புருஷன் துவக்குக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று அவர்களே அவளுக்கு அறிவிப்பார்கள். சுத்திக்கொண்டு போக வழியே இல்லை.

நிரஞ்சனி ஒரு கார்டரியில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பகத்தில், நாலு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை நாள் முழுக்க வைத்துப் பார்க்கிறவள். அவளோடு வாதாடுவதென்றால் ஆயத்தம் வேண்டும். நான் மூன்று நாள் ஆயத்தம் செய்திருந்தேன். நிலவறையில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, அதற்குள் விசைக்கு ஒரு பூட்டு, வெடிமருந்துக்கு வேறு பெட்டி என்று எல்லாம் சொல்ல இருந்தேன். அவள் படிவத்தை முன்னும் பின்னும் வாசித்தாள். கையைத் துடைத்தாள். கையெழுத்து வைத்தாள்.

"போட்டிக்கெண்டால் நல்லதாப் பாத்து எடுக்கவேணும். அவசரப்படாதேங்கோ," என்றாள்.

ஆயத்தம் செய்த மூன்று நாளும் வீண்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு சாமானை மதிப்பிடாமல் வாங்குவதில்லை. வீட்டுக்கு ஒரு வக்கியூம் கிளீனர் தேவைப்பட்டபோது பதினொரு மாதம் மதிப்பிட்டேன். முடிவெடுத்துக் கடைக்குப் போனபோது அந்த மொடலைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அது கொம்பனியின் பிழை. என் முறையில் பிழையில்லை.

மே மாதக் கடைசியில் லைசென்ஸ் வந்தது. அந்த நேரம் பார்த்து அரசாங்கம், பிஸ்டல் விற்பனையை நிறுத்தப் போகிறோம், இலையுதிர்காலமளவில் சட்டம் வரும் என்று அறிவித்தது. அதுவரை கிளப்புப் பிஸ்டலில் சுட்டுக்கொண்டிருந்த சாரங்கன் அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போனான். அரை மணித்தியாலத்தில் ஒன்றைத் தெரிந்து, பதிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அரை மணித்தியாலம். நான் செருப்பு வாங்கவே அதைவிடக் கூட நேரம் எடுப்பேன்.

நானும் கெதியாக எடுக்கவோ என்று நிரஞ்சனியிடம் கேட்டேன். அவள் சீலை மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவசரத்தில் எடுத்துப்போட்டுப் பேந்து கைக்குச் சரியில்லை என்றால் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ என்று கேட்டாள். நான் விசாரித்தேன். எடுக்க மாட்டானாம். அவளுடைய நிதானத்தை அன்றைக்கு மனதாரக் கும்பிட்டேன்.

அடுத்த நாள் வேலையால் வரும்போது எனக்கென்று ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கி வந்தாள். அடிமட்டம் வைத்துத் தானே நிரல் கீறித் தந்தாள். நிறை, பிடி, விசை, குறி, உதைப்பு, துல்லியம், பராமரிப்பு. இருபத்துநாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் என் முறையை அவள் மதித்த முதல் நாள் அது.

முழு அளவுப் பிஸ்டல்தான் எடுப்பது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. குழல் நீண்டால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் தூரம் கூடும், கண்ணுக்குப் பிழை உடனே தெரியும். பாரம் கூடினால் உதைப்புக் குறையும், அடுத்த வெடிக்குக் கை கெதியாகத் திரும்பி வரும். ஒன்பது மில்லிமீற்றர்க் குண்டு சுடுகிறவற்றில், கிளப்பில் அங்கத்தவர்கள் வைத்திருந்தவற்றுள் மூன்றைத் தெரிந்தேன். செக் நாட்டது, ஒஸ்ரிய நாட்டது, ஜேர்மன்காரனுடையது. உரியவர்கள் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றிலும் இருநூறு வெடி.

செக்காரனுடையது முழுக்க உருக்கு. கையில் எடுத்தால் பிறகு வைக்க மனம் வராது. விசை கண்ணாடி உடைகிற மாதிரிச் சுத்தமாக விடும். இருபது மீற்றரில் ஐந்து வெடியும் ஆறு சென்ரிமீற்றருக்குள். ஆனி மாதக் கடைசியில் இதுதான் என்று முடிவெடுத்து, கொப்பியில் சிவப்புக் கோடு போட்டேன். நிரஞ்சனி கொப்பியை வாசித்துவிட்டு மிகவும் நல்ல தெரிவு என்றாள். பிறகு, நிறை நிரலில் விரலை வைத்தாள். தோள் மூட்டு நோகுதென்று மாதத்தில் இரண்டு தரம் பிசியோவுக்குப் போகிற ஆள், ஒண்டே கால் கிலோவை நீட்டின கையில் ஒரு மணித்தியாலம் பிடிக்கலாமோ என்று கேட்டாள். ஒரு மனைவிக்கு இருக்க வேண்டிய அக்கறை. சிவப்புக் கோட்டை அழித்தேன்.

ஒஸ்ரியாக்காரனுடையது பிளாஸ்ரிக் உடம்பு, பாரமில்லை. தோள் நோகவில்லை. ஆனால் விசை இறப்பர் இழுக்கிற மாதிரி, உதைப்பும் கூட. நான் சுட்ட கடுதாசிகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைப்பது வழக்கம். பழகினால் சரிவரும் என்று ஆடி நடுப்பகுதியில் ஏறக்குறைய முடிவெடுத்திருந்தேன். அவள் பால் எடுக்க வந்தவள், அந்தக் கதவுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"போன மாதம் ஓட்டையெல்லாம் ஒட்டி ஒட்டி இருந்தது. இப்ப அங்கொண்டு இங்கொண்டாக் கிடக்கு," என்றாள். "எனக்கு இதுகள் தெரியாது. சும்மா சொன்னன்."

எவ்வளவு கூர்மையான பார்வை. நான் மூன்றாவதுக்குப் போனேன்.

ஆவணியில் அவளே, நானும் ஒருக்கா வந்து பாக்கிறன் என்றாள். கிளப்பில் வேறு எவருடைய மனைவியும் வந்ததில்லை. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, சுடுகிற கோட்டுக்குப் பின்னால் உள்ள பலகை வாங்கில் இருந்தாள். முதல் வெடி தீர்ந்ததும் வாங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு மணித்தியாலமும் பிடித்த பிடி விடவில்லை, என் கையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. இவளுக்கு இதில் இவ்வளவு ஈடுபாடு இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை. திரும்பி வரும்போது கார் பாலத்தில் ஏறினதும், உங்கடை விரல் விசைக்கு எட்டக் கஷ்டப்படுது என்றாள்.

சரியாகச் சொன்னாள். என் விரல் கட்டை. ஜேர்மன்காரனுடையதில் பிடியின் முதுகை மாற்றலாம், சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று. அப்படியானால் அதை ஒரு பிஸ்டலாக மதிப்பிட முடியாது, மூன்றாகத்தான் மதிப்பிட வேண்டும் என்று அவள் சொன்னாள். நியாயம்தானே. புதிய நிரல்களும் அவளே கீறித் தந்தாள்.

புரட்டாதிக்குள் சாரங்கன் இரண்டு சிநேகிதப் போட்டி சுட்டுவிட்டான். பலகையில் அவன் பெயர் ஏழாவதாக இருந்தது. என்னைக் கண்ட இடமெல்லாம், அண்ணை, கடையில் தட்டெல்லாம் காலியாகுது, எதையாவது எடுங்கோ என்றான். எதையாவது. அந்தச் சொல் என்னை நோகப்பண்ணியது. வீட்டில் ஒத்துழைப்பு இல்லாதவர்கள்தான் தம்பி அவசரப்படுவார்கள், எனக்கு அந்தக் குறை இல்லை என்று அவனுக்குச் சொன்னேன்.

ஒக்ரோபர் இருபத்தோராம் தேதி, வெள்ளிக்கிழமை பின்னேரம், கொப்பியின் கடைசி நிரலைக் கூட்டி முடித்தேன். செக்காரனுக்கு எண்பத்தாறு. ஜேர்மன்காரனுக்கு, சின்ன முதுகோடு, எண்பத்தேழு. மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். எண்பத்தேழுதான். எழும்பிக் குசினிக்குப் போய், முடிவெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் தீபாவளிக்குப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிற கேள்விக்காக நான் நின்றேன். கேள்வி வரவில்லை. நல்லது, நாளைக்குப் போய் எடுங்கோ என்றாள். எனக்கு ஒரு பணியாரமும் தந்தாள்.

சனிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, லைசென்ஸையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாடித் தட்டுக்குள் பிஸ்டல் இருந்தது. ஜேர்மன்காரனுடையது, ஒன்றே ஒன்று. கடைக்காரர் அதை எடுக்கவில்லை. நேற்றோடு சரி, நேற்றிலிருந்து தனியாட்களுக்கு ஒரு பிஸ்டலும் விற்க முடியாது, உடனடியாக அமுல் என்று சொன்னார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார். எட்டு மாதத் திட்டம், ஐந்து மாத மதிப்பீடு. ஒரு நாளால் தவறிவிட்டது. பலகையில் என் பெயர் இனி வராது.

வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் வைத்தேன். நிரஞ்சனி தேத்தண்ணியைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேளாமைதான் எனக்கு இடித்தது.

"உமக்கு நேற்றே தெரியுமோ?"

"பின்னேரம் றேடியோவிலை சொன்னவங்கள்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் கூட்டிக்கொண்டிருந்தியள். குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டன்."

நான் கொப்பியைத் திறந்தேன். தோள், துளை, விரல், முதுகு. நான் கைவிட்ட ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் அவளுடைய ஒரு கேள்வி நின்றது. ஒரு குறைபாட்டை மயிரிழையில் கண்டுபிடிக்கிறவன் என்று தொழிற்சாலையில் எனக்குப் பெயர்.

"உமக்கு முதல் நாளிலிருந்தே விருப்பமில்லை. அப்பிடித்தானே?"

அவள் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"நான் இருபது வயசு மட்டும் சண்டை நடந்த ஊரிலை இருந்தனான். துவக்கோடை வந்தவை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டு வரேல்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் கதவைத் திறந்து விட்டனாங்கள். இது என்ரை கதவு. இதுக்குள்ளை அது வரக்கூடாது." கொப்பியை மூடினாள். "நீங்கள் கிளப்பிலை போய்ச் சுடுங்கோ. உங்கடை கை நல்ல கை, நானும் பாத்தனான்தானே. சாமான் அங்கையே இருக்கட்டும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு மணித்தியாலமும் அவள் வாங்கை எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு கேள்வி கேட்காத மனுஷன் நான். ஆனாலும் ஒரு குடும்பத் தலைவனுக்கு ஏதோ ஒரு மரியாதை மிஞ்ச வேண்டாமோ?

"இதை நீர் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்," என்றேன் கம்பீரமாக. "வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன்."

அவள் என்னை ஆறுதலாகப் பார்த்தாள்.

"இருபத்துநாலு வருஷத்திலை நீங்கள் ஒரே நாளிலை வாங்கின சாமான் மூண்டு. மூண்டும் நான் வேண்டாம் எண்டு சொன்ன சாமான்."

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாலு.