டம்ளர் மாமா வைத்த பேர்கள்

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தலைமுறைக் குழந்தைகளையே தெருவில் தலைகாட்ட விடாமல் செய்தவர் யார் என்று கேட்டால், அந்தக் காலத்து ஆட்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்: டம்ளர் மாமா. அவர் எந்தக் குழந்தையையும் அடித்ததில்லை, கிள்ளியதில்லை, ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. பேர் மட்டும்தான் வைத்தார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் நான் வேலை கிடைத்து பம்பாய்க்கு வந்து குடியேறிய கட்டடத்தில் மேல்மாடி மூலை வீடு அவருடையது. துறைமுகப் பக்கம் ஏதோ கம்பெனியில் கிளார்க். கோடையிலும் கோட்டு, வெயில் இல்லாத நாளிலும் குடை. சொந்தப் பேர் என்ன என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆபீஸில் இனிஷியலைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். மாமி அந்தக் கால மனுஷி, புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். நாங்கள் டம்ளர் மாமா என்று சொல்லிச் சொல்லி, தபால்காரரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் கோயில் கோயிலாகப் போயிருப்பார்கள். இவர் ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் பேர் வைக்கிற பொறுப்பைத் தானே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். தாத்தா பேர், பாட்டி பேர், சாமி பேர் எதுவும் அவருக்கு ஆகாது.

"பழைய பேரெல்லாம் பழைய செருப்பு மாதிரிடா. எவன் எவனோ போட்டுண்டு நடந்தது. எந்தச் சேத்தை மிதிச்சானோ, யார் கண்டா? குழந்தைக்குப் பேர் புதுசா இருக்கணும். இதுவரைக்கும் ஒருத்தரும் வெச்சுக்காத பேர். ஏக்தம் கோரா!" என்பார்.

ஒரு பேர் கோராவா, அதாவது யாரும் தொடாத புதுசா, இல்லையா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. காலையில் மாட்டுங்கா ஸ்டேஷனில் ஆபீஸ் கூட்டம் நெரியும் நேரத்தில் பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து அந்தப் பேரைக் கத்துவார். யாராவது திரும்பிப் பார்த்தால் அந்தப் பேர் தள்ளுபடி. ஒருவரும் திரும்பாவிட்டால் பாஸ். ஒருமுறை அவர் கத்திய கத்தலைக் கேட்டு ஒரு ஹவல்தார் ஓடிவந்து, "பச்சா கோ கயா க்யா?" என்று விசாரித்தார். மாமா தமது இந்தியில், குழந்தை தொலையவில்லை, இன்னும் பிறக்கவே இல்லை என்று நிதானமாக விளக்கினார். ஹவல்தார், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ ஒருவர் பிளாட்பாரத்தில் கத்துகிற பேரைப் பெற்றவர்கள் ஏன் வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் டம்ளர் வருகிறது. பரீட்சையில் பாஸான பேரை மார்க்கெட் பாத்திரக்கடையில் கொடுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெட்டி வாங்கிவிடுவார். குழந்தைக்குப் பேர் வைக்கிற புண்யாஹவாசனத்துக்கு முதல் நாள், பெற்றவர்கள் எந்தப் பேர் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, டம்ளரோடு வந்து நிற்பார். எவர்சில்வர் அப்போது பித்தளையைத் துரத்திக்கொண்டிருந்த காலம். அசல் கனம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, அதில் அழகாகப் புள்ளி புள்ளியாகக் குழந்தையின் பேர். இனிமேல் வேறு பேர் வைத்தால் டம்ளர் வீணாகிவிடுமே! நம்மவர்கள் குழந்தையின் எதிர்காலத்தை வீணாக்கினாலும் ஆக்குவார்கள், எவர்சில்வரை வீணாக்க மாட்டார்கள். ஹோமத்தில் வாத்தியார் தாத்தா பேரைச் சொல்லிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டம்ளர் பேர்தான் நிற்கும்.

இதுவரைக்கும் சரி. மாமாவின் கஷ்டகாலம் என்னவென்றால், அவர் வைத்த பேரெல்லாம் கொஞ்ச நாளில் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிடும். அதுவும் தப்பான ஆள் மூலமாக.

முதலில் மாட்டியவன் இரண்டாம் மாடி ரணதீர். அவனுக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு இந்திப் படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. அதில் கதாநாயகியைக் குதிரையில் தூக்கிக்கொண்டு போகிற வில்லனின் பேர் ரணதீர். அதற்குப் பிறகு இந்த ரணதீர், மேலுதட்டில் பால் மீசையோடு கீழே இறங்கினால் போதும், பெண் குழந்தைகளெல்லாம், காப்பாற்றச் சொல்லி அந்தக் கதாநாயகி கத்துகிற மாதிரியே, "பச்சாவ்! பச்சாவ்!" என்று அலறிக்கொண்டு ஓடுவார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலையே, பந்துதானே கேட்டேன்!" என்று பாவம் அவன் அழுவான்.

அடுத்தது தவளா. வெண்மை என்று அர்த்தம் சொல்லி மாமா பெருமையோடு வெட்டிக் கொடுத்த பேர். அந்தப் பேரிலேயே ஒரு சலவை சோப்பு வந்தது. விளம்பர வண்டி கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிவிட்டு எங்கள் தெருவில் நுழைந்து, "தவளா உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்று ஒலிபெருக்கியில் இந்தியில் கேட்கும். அந்தக் குழந்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்! இருக்கேன்!" என்று தினமும் பதில் சொல்லும். அதன் அப்பா வெட்கம் தாங்காமல் வண்டி வரும் நேரத்தில் குளிக்கப் போய்விடுவார்.

வஜ்ரநாபன் கதை இன்னும் மோசம். தங்கக் கடத்தலில் ஒரு வஜ்ரநாபன் தலைமறைவாகி, போலீஸ் அவனை வலைவீசித் தேடுகிறது என்று பேப்பரில் வந்தது. அப்பா சத்தமாகப் படித்ததைக் கேட்ட எங்கள் மூன்று வயது வஜ்ரநாபன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. அவனுடைய அப்பா மேலே ஏறிவந்து மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், அந்தத் திருடனுக்கு அம்பது வயசு! இது கோராப் பேரா?"

"ஸ்டேஷன்ல ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலையே!"

"அவன் எப்படித் திரும்புவான்? கடத்தல்காரன்!"

"கார்ல போறவன் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வரலைன்னா அது என் தப்பா?" என்றார் மாமா.

இந்த நிலைமையில்தான் என் மனைவி ஜெயா உண்டானாள். செய்தி உறுதியான அன்றே அவள் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஏன்னா, ஊர்ல வில்லன், சோப்பு, திருடன் எல்லாம் ஆயாச்சு. என் குழந்தை பேரை அந்த மனுஷன் டம்ளர்ல வெட்டினார்னா நான் அம்மா ஆத்திலேயே இருந்துடுவேன்."

எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. பெண் பிறந்தால் லட்சுமி. ஊரில் ஒரு லட்சுமி திருடினாலும் பாக்கி லட்சுமிகள் சேர்ந்து அதை மறைத்துவிடுவார்கள். இதை மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"லட்சுமியா? மார்க்கெட்ல நின்னு லட்சுமீன்னு ஒரு குரல் கொடு. வாங்கின கத்திரிக்காயைப் போட்டுட்டுப் பாதி மாட்டுங்கா திரும்பும்டா!"

ஜெயா பிரசவத்துக்குப் பம்பாயிலேயே செம்பூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். மாமாவிடம் நான் திருச்சி என்று சொல்லிவைத்தேன். ஒரு சாயங்காலம் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு செம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது குடை ஒன்று என் முதுகைத் தட்டியது. "ஏன்டா, திருச்சி போய்ச் சேர்றதுக்குள்ள பூ வாடிப்போயிடாதோ?" என்றார் மாமா. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனில் நான் லோகலுக்குக் காத்திருக்கும்போது, பிளாட்பாரத்தின் நடுவிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"லலந்திகா! லலந்திகா!"

ஒருவரும் திரும்பவில்லை. நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பெண் பிறந்தால் வைக்கிற பேர் பாஸாகிவிட்டது. ஜெயாவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "லலந்திகாவா? கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள குழந்தை காலேஜ் முடிச்சுடும்! நாளைக்கு அந்தப் பேர்ல எந்த எலி பாஷாணம் வருமோ! ஏதாவது பண்ணுங்கோன்னா."

என்னால் ஒன்றும் பண்ண முடியவில்லை. பண்ணியது ஒரு குழந்தை.

கீழ்வீட்டு ரஸிகாவுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தது. மாமா வைத்த பேர்களிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த வருஷம் வந்த ஒரு படத்தில் கிளப்பில் ஆடுகிற நடனக்காரிக்கு ரஸிகா என்று பேர். அவள் மேடைக்கு வரும்போதெல்லாம் கூட்டம் "ரஸிகா!" என்று கத்தி விசிலடிக்கும். பம்பாய் முழுக்க அந்த விசில் பரவியது. பான்கடையில் நிற்கிற தடியன்கள் அந்தச் சின்னக் குழந்தை பையோடு போகும்போது பேரைக் கூவி விசிலடித்தார்கள். வகுப்பில் பையன்கள் ஆடச் சொன்னார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் நான் பேப்பர் வாங்கப் போயிருந்தபோது, ரஸிகா தனியாக மாடி ஏறி வந்தாள். கையில் அவள் டம்ளர். நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, இதை நீங்களே வெச்சுக்கோங்கோ."

"ஏம்மா, ஓட்டையா?"

"இல்லை. பேர் வேண்டாம். எனக்கு லட்சுமின்னு வெட்டித் தாங்கோ."

"அது ஊர்ல எல்லாருக்கும் இருக்கேம்மா."

"ஆமா. எங்க கிளாஸ்ல நிறைய லட்சுமி. டீச்சர் ஒரு லட்சுமியைக் கூப்பிட்டா மத்த பசங்க ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. என்னையும் யாரும் திரும்பிப் பார்க்கப்படாது மாமா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மாமா கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரர். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, வெட்டுன பேர அழிக்க முடியாது. வேணும்னா உள்ளயிருந்து தட்டிப் பாக்கேன். நசுங்கிப்போச்சுன்னா என்னைய வையக் கூடாது."

நசுங்கித்தான் போயிற்று. மாமா புது டம்ளர் வாங்கி லட்சுமி என்று வெட்டி, தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் பேரை மாற்றி எழுதினார்கள், குழந்தை அடுத்த வாரமே பள்ளிக்கூடம் போயிற்று. மாமா மட்டும் ஆளே மாறிவிட்டார். ஸ்டேஷனில் எங்களோடு வாயை மூடிக்கொண்டு நின்று, வண்டி வந்ததும் ஏறிப் போனார். அத்தனை நாள் அந்தக் கத்தலைத் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு பிளாட்பாரமே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. ஹவல்தார்கூட என்னிடம் வந்து, பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

எங்களுக்குப் பெண் பிறந்தது. செம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா கோட்டுப் பையிலிருந்து டம்ளரை எடுத்ததும் ஜெயா என் கையைப் பிடித்து நெரித்தாள். வாங்கித் திருப்பிப் பார்த்தோம். சுற்றிலும் பளபளவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

"பேர் வெட்டலையா மாமா?" என்றாள் ஜெயா.

"நீங்களே வெச்சுக்கோங்கோம்மா. என் கை ராசியில்லை."

லலந்திகா என்று வெட்டிக்கொண்டு வந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். ஜெயாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"குழந்தை பேர் லட்சுமிதான் மாமா. ஆனா டம்ளர்ல கொடுத்தவா பேர் வெட்டறது உண்டோன்னோ? உங்க பேர் என்ன?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். மாமி புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. சாரநாதன்."

"நல்ல பேர்தானே!"

"நல்ல பேராத்தான் இருந்தது. மெட்ராஸ்ல நான் வேலை தேடிண்டிருந்தப்போ ஒரு சாரநாதன், சீட்டுக் கம்பெனி நடத்தி, ஏழை எளியது பணத்தையெல்லாம் சுருட்டிண்டு ஓடிட்டான். தினம் பேப்பர்ல அவன் பேர்தான். இண்டர்வ்யூல பேரைச் சொன்னா சிரிப்பா. பொண்ணு பார்க்கப் போனா உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இவ அப்பா ஒருத்தர்தான் சிரிக்கலை. தாலி கட்டின கையோட பம்பாய்க்கு ரயில் ஏறிட்டேன். அதான்மா... ஒரு குழந்தைக்கும் அடுத்தவன் அழுக்கு ஒட்டப்படாதுன்னு பார்த்தேன். குழந்தை வாய் வைக்கற பாத்திரத்துல அந்த மோசடிக்காரன் பேர் வேண்டாம்."

"மோசடிக்காரனை நான் பார்த்ததே இல்லை மாமா. உங்களைத்தான் பார்த்திருக்கேன்" என்றாள் ஜெயா.

புண்யாஹவாசனம் முடிந்ததும் அவளே கைக்குழந்தையோடு மார்க்கெட்டுக்கு வந்து, பேர் வெட்டுகிறவர் எதிரில் நின்று, சாரநாதன் என்று கொட்டை எழுத்தில் வெட்டச் சொன்னாள். மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு, 'ர' கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று குறை சொன்னார். குரல் பழைய குரலாக இருந்தது. மறுநாள் காலை மாட்டுங்கா ஸ்டேஷனில் யாருக்கோ பிறக்கப்போகும் குழந்தையின் பேர் எட்டு ஊருக்குக் கேட்டது. ஆனால் இந்தத் தடவை, பத்துப் பேராவது திரும்பிப் பார்க்கிற பேராகத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமாவும் மாமியும் போய் வெகுகாலம் ஆயிற்று. என் பெண் லட்சுமி இப்போது பம்பாயைத் தாண்டி நெருளில் இருக்கிறாள். நாங்களும் அவளோடுதான். டம்ளர் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் டம்ளர் என்று சொல்வதில்லை. "சாரநாதனைக் கழுவியாச்சா?" என்பாள் ஜெயா. "எனக்குச் சாரநாதன்ல பாதி காப்பி போதும்" என்பேன் நான். சீட்டுக் கம்பெனிக்காரனை உலகம் எப்போதோ மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் விடிந்ததும் முதலில் தேடுகிற பேர் சாரநாதன்தான், மாமா.