வைட்டமின் சாரும் வெள்ளைக்கருவும்

நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் அதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன்னு தோணுறதே ஒரு அறிகுறி சார்" என்பார். தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு ஒருவர், கல்யாண வீட்டில் குறைந்தது இருவர் என்று தழைத்திருக்கும் சத்துக்குறைவு கண்டுபிடிப்பாளர் இனத்தைத்தான் சொல்கிறேன்.

நம் ஆளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று. நிலைத்த பெயர் வைட்டமின் சார். கணக்குக் கோப்பை நீட்டினால் கோப்பைப் பார்க்க மாட்டார், நீட்டியவரின் நகத்தைப் பார்ப்பார். பிறகு கண்ணிமையைக் கீழே இழுப்பார். பிறகு "நாக்கை நீட்டுங்க" என்பார். மேலாளர் கத்தினால் பி பன்னிரண்டு குறைவு, காவலாளி தூங்கினால் டி குறைவு, மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கும் ஓர் எழுத்து வைத்திருந்தார்.

"உங்க வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரலியே" என்பாள் அந்தப் புண்ணியவதி.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அவருடைய அக்கா தன் நாயை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனாள். தனிக்கட்டை, அந்த நாய்தான் அவளுக்குப் பிள்ளை. முடி அடர்ந்த நாய் என்பதால் பெயர் பஞ்சு.

"என் உசுரையே விட்டுட்டுப் போறேன்டா. பாத்துக்கோ."

பார்த்தார். அன்றைக்கே இமையை இழுத்துப் பார்த்தார். தசை போதாதாம், அமினோ அமிலம் வேண்டுமாம். வேகவைத்தால் சத்து ஓடிவிடும் என்பது அவர் சித்தாந்தம். எனவே தினமும் கிண்ணம் நிறையப் பச்சை வெள்ளைக்கரு. மஞ்சள்கரு கொழுப்பு, நாய்க்கு ஆகாது. வீணாக்கலாமா? அதை மட்டும் வறுத்து, மிளகு தூவி, தானே சாப்பிட்டார்.

மாதங்கள் போகப் போக முடி கொட்டியது. கண்ணைச் சுற்றித் தோல் செதில் செதிலாக உரிந்தது. "சத்து ஏறுறப்ப பழசு உதிரத்தான் செய்யும்" என்று வெள்ளைக்கருவை இரட்டிப்பாக்கினார். ஒரு மாலை சாவிச் சத்தம் கேட்டும் பஞ்சு எழுந்து வரவில்லை. அப்போதுதான் அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

கால்நடை மருத்துவர் நாயை வருடிப் பார்த்தாள். கையோடு முடி வந்தது.

"என்ன சார் குடுக்கறீங்க?"

பெருமையாகவே சொன்னார்.

"பச்சையாவா? பச்சை வெள்ளைக்கரு பயோட்டின்னு ஒரு வைட்டமினைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. பயோட்டின் இல்லாம, நீங்க கொட்டுற அமினோ அமிலத்துல சிலதை உடம்பால ஒழுங்கா கையாள முடியாது. வீடு நிறைய விறகு இருக்கு, தீப்பெட்டி இல்ல. இனிமே வேகவச்சுக் குடுங்க. அந்த வைட்டமின் மஞ்சள்கருலதான் நிறைய இருக்கு. அதை என்ன பண்ணீங்க?"

ஊரார் நாக்கையெல்லாம் நீட்டச் சொன்னவர், மஞ்சள்கரு தின்ற தன் நாக்கைக் கடித்துக்கொண்டார். குறைவைத் தேடித் தேடி அலைந்தவர், கடைசியில் சொந்தக் கையாலேயே ஒன்றைத் தயாரித்திருந்தார்! வீடு திரும்பும் வழியில் நாயை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் எனக்குக் கேலி இல்லை.

அக்கா வந்தபோது பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. முடி பாதிதான் முளைத்திருந்தது. அவள் அதைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு தம்பியின் தலையை உற்றுப் பார்த்தாள்.

"இதுக்கு இப்படிக் கொட்டிக் கெடக்கு, உனக்கு மட்டும் எப்படிடா பளபளன்னு வளந்திருக்கு?"

தலை குனிந்தார். குனிந்த இடத்தில் அவள் நகம் தெரிந்தது.

"அக்கா... உனக்கு இரும்புச்சத்து கொஞ்சம்..."

நாய் பிழைத்தது. பழக்கமும் பிழைத்துக்கொண்டது.

சிரிக்கிறீர்கள். 'பாவம், அந்த மனுஷனுக்கு அறிவு கொஞ்சம் குறைவு' என்று மனதுக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள், இல்லையா? ஆளையே பார்க்காமல் குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்களே! எங்கே, நாக்கை நீட்டுங்கள், பார்க்கலாம்.