ஹார்லோ தொடக் கூடாத மீன்

ஹாட்செட் ஏரி,
விஸ்கான்சின்.
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்புள்ள கொழுந்தனார் டெல்மர் அவர்களுக்கு,

அண்ணி ஆர்டிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் அண்ணன் ஹார்லோவும் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே ஓ கிளேரில் மகள் வீட்டில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, குடலிறக்கத்துக்குப் போட்ட தையல் ஆறி, தும்மினாலும் வலிக்காத நிலைக்கு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை மேசையில் வைத்து வீட்டுக்கே கேட்கும்படி பேசுவீர்கள், உங்கள் மகளும் மருமகனும் அடுப்படியில் நின்று சிரிப்பார்கள். இது சிரிக்கிற விஷயமே இல்லை.

விஷயம் இதுதான். அடுத்த வருட மஸ்கி மீன் பிடிக்கும் போட்டிக்குள் நீங்கள் எழுந்து வந்து உங்கள் அண்ணன் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்துவிட வேண்டும். டாக்டர் என்ன சொன்னாலும் சரி. நான் இனி அந்தப் படகில் கால் வைக்க மாட்டேன். போட்டிக்குப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும், தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நீ சும்மா உட்கார்ந்தால் போதும் என்று உங்கள் அண்ணன் ஒரு வாரம் என் பின்னாலேயே அலைந்ததால்தான் ஒத்துக்கொண்டேன். சும்மா உட்காருவதாம்! அந்த மனிதர் வாயிலிருந்து வந்த பெரிய பொய் இதுதான்.

முதலில் மூடி. படகின் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கிறது, படகை இறக்குமுன் அதை மூட வேண்டும், இத்தனை வருடமும் அது உங்கள் வேலை. இது எனக்குத் தெரியாதது பெரிதில்லை, உங்கள் அண்ணனுக்கே தெரியவில்லை. கரையை விட்டுப் பாதி ஏரி போன பிறகு என் சாக்ஸ் நனைகிறது என்றேன். "பனியா இருக்கும்" என்றார். கணுக்கால் நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். உங்களுக்குப் போன் போட்டதும், மூடி உங்கள் மழைக்கோட்டுப் பையில் ஓ கிளேரில் பத்திரமாக இருப்பதாக நீங்கள் சொன்னதும் உங்களுக்கே தெரியும். நீங்கள் சிரித்தது எனக்கும் கேட்டது. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. மதியத்துக்குக் கட்டியிருந்த டப்பாவிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நானே அந்த ஓட்டையில் செருகினேன். அச்சாகப் பொருந்தியது, சாயங்காலம் வரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அதற்கு ஒரு நன்றி உண்டா? "இன்னும் கொஞ்சம் தடியா வாங்கியிருக்கலாம்" என்றார்.

அப்புறம் தூண்டில் வீசுவது. அந்தக் கோலின் முனையில் நீங்கள் கட்டி வைத்திருக்கும் ரப்பர் மீன் ஒரு அணில் எடை இருக்கிறது. அதில் தொங்கும் கொக்கிகளைப் பார்த்தால் கசாப்புக் கடை ஞாபகம் வருகிறது. நான் வீசிய முதல் வீச்சு உங்கள் அண்ணன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டது. தொப்பியோடு போனதே என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல, அவர் அது ராசியான தொப்பி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ராசியாம். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இத்தனை வருடம் போட்டிக்குப் போய் என்ன கொண்டு வந்தார், சளியைத் தவிர?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், டெல்மர். இதைக் கிண்டலாக எழுதவில்லை. இந்த ஏரியில் தானாக வந்த மஸ்கி ஒன்று கூடக் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மீன்பிடிச் சங்கம் வாங்கிவரும் மஸ்கிக் குஞ்சுகளை வாளி வாளியாகச் சுமந்து கொண்டுபோய் விடுவது உங்கள் அண்ணன்தான். இடுப்புவரை தண்ணீரில் நின்று, வாளியைச் சாய்த்து, ஒவ்வொன்றும் நீந்திப் போகிற வரை பார்த்துவிட்டுத்தான் கரையேறுவார். மதுக்கடைச் சுவரில் அந்த மரப்பலகை தொங்குகிறதே, வருடா வருடம் போட்டியில் பெரிய மீன் பிடித்தவர் பெயரைப் பித்தளையில் அடித்து வைப்பார்களே, அதில் ரோமன் கிராபோஸ்கி பெயர் மூன்று இடத்தில் மின்னுகிறது. இவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை பொரித்த மீன் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். நான் ஒருநாளும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பலகையில் ஒரு வரி. அதற்காகத்தான் நான் போனேன், சும்மா உட்கார அல்ல.

சரி, கதைக்கு வருகிறேன். மழை பக்கவாட்டில் அடித்தது. வீசு, இழு, வீசு, இழு. இழுத்து முடித்ததும் விட்டுவிடவும் கூடாதாம். கோலின் முனையைத் தண்ணீருக்குள் விட்டு, படகோரமாக ரப்பர் மீனை எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும், பின்னாலேயே ஒளிந்து வந்த மஸ்கி அப்போதுதான் மனசு மாறிக் கடிக்குமாம். காலையிலிருந்து எட்டுப் போட்டுப் போட்டு எனக்குக் கேக் மாவு கிண்டுகிற கை வந்துவிட்டது. மதியம் போல, மழைக்கால் கொஞ்சம் விட்டபோது, குளிர்கால ஜன்னல் கண்ணாடிகளை எப்போது மாட்டப் போகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மெதுவா பேசு ஆர்டி, மீனுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அதுக்காவது கேக்கட்டும். போன வருஷமும் பனி விழுந்தப்புறம்தான் ஏணிய எடுத்தீங்க. அதுக்கு முந்தின வருஷம் நான் ஏறினேன்."

"இப்பவா இதெல்லாம்?"

"வேற எப்ப? வீட்ல இருந்தா ஏரியப் பத்திப் பேசறீங்க, ஏரிக்கு வந்தா வாயத் தொறக்காதேன்றீங்க!"

நான் முழுக்க அவர் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தேன். கை மட்டும் பின்னால் தண்ணீரில் தன்பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருந்தது. இழுத்து முடித்து எத்தனை எட்டுப் போட்டேனோ, கோபத்தில் நிறுத்தவே மறந்துவிட்டேன். யாரோ என் கையை முழங்கையோடு பிடுங்கின மாதிரி ஓர் இழுப்பு. திரும்பினால் தண்ணீருக்குள் ஒரு வாய், அவ்வளவும் பல்.

எனக்கு வந்த முதல் யோசனை, இதை இவரிடம் தள்ளிவிடுவது. யாருக்கும் வருகிற யோசனைதானே?

"பிடிங்க இத!"

"மாட்டேன்!"

"ஏங்க, பிடிங்கன்றேன்!"

"முடியாது ஆர்டி! கொக்கி போட்டவங்கதான் இழுக்கணும், நான் தொட்டா செல்லாது!" என்று கத்திவிட்டு, உங்கள் அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எந்த மீனுக்காக ஏங்கினாரோ அந்த மீன் ஒரு முழத்தில் துள்ளுகிறது, இவர் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறார், முகம் அழுகிற மாதிரி கோணிக்கொண்டு போகிறது.

"நான் ஏரிக்குள்ள போகப் போறேங்க!"

"போ! ஆனா கோல விட்டுடாதே!"

இந்தக் கூச்சலுக்கு வேறு யாராவது வரக்கூடாதா? வந்தது கிராபோஸ்கி படகு. அளக்கும்போது இன்னொரு படகு வந்து சாட்சி சொன்னால்தான் மீன் கணக்கில் சேரும் என்பதால் விரட்டவும் முடியாது. அவர் மனைவி டோலோரஸ் முன்னால் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் அண்ணன் கையையே பார்க்கிறாள்.

"டேய் ஹார்லோ, கை எங்கடா இருக்கு?" என்றார் கிராபோஸ்கி.

"பின்னாலதான்டா இருக்கு, கண்ணு தெரியல?"

"அங்கேயே இருக்கட்டும்."

மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. நான் பாதி உடம்பு வெளியே. உங்கள் அண்ணன் அலறினார். "டோலோரஸ்! காலரப் பிடிக்கலாமா? பொண்டாட்டி காலரப் பிடிக்கலாமா?"

டோலோரஸ் நிதானமாக யோசித்தாள், டெல்மர். நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் யோசிக்கிறாள். "காலரப் பிடிக்கலாம். கோலத் தொடக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாள். அப்புறம்தான் அவர் பிடித்தார். விதிமுறை அனுமதிக்காவிட்டால் என்னை விட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எப்படியோ மீன் களைத்தது. அவர் கைவலையை நீட்டி அள்ளினார், வலை பிடிக்கக் கூட்டாளிக்கு அனுமதி உண்டாம். குறட்டால் கொக்கியைக் கழற்றி, அளவுப் பலகையில் கிடத்தி அளந்தபோது நாற்பத்தேழு அங்குலம். கிராபோஸ்கி இரண்டு தடவை பார்த்தார். ஆனால் போட்டி விதிப்படி திரும்பத் தண்ணீரில் விட்டதும் மீன் வயிற்றைக் காட்டிப் புரண்டுவிட்டது. அது தானாக நீந்திப் போகாவிட்டால் செல்லாது. நான் அதைத்தான் நினைத்தேன். உங்கள் அண்ணன் அதை நினைக்கவே இல்லை. படகு விளிம்பில் குப்புறப் படுத்து, வாலைப் பிடித்து, இரண்டு கைகளும் தோள்வரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில், அதை மெல்ல மெல்ல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு, அவசரமில்ல" என்கிறார். எங்கள் மூத்தவளை நான் பெற்றபோது என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை விறைத்து நீலம் பூத்துவிட்டது. போதும், விடுங்கள் என்றேன், காதில் விழவில்லை. கடைசியில் அது வாலை ஓர் அடி அடித்து அவர் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவர் அப்படியே சிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

சாயங்காலம் மதுக்கடையில் பீரில் வேக வைத்த சாஸேஜ், கூட்டம், சத்தம். பெரிய மீன் என் மீன்தான். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உங்கள் அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஹார்லோ, வீட்டம்மாவுக்கு வலை பிடிக்கிற உத்தியோகமாமே!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். "வலைய நல்லாத்தான் பிடிச்சேன்" என்றார். நான் கடைக்காரரைத் தனியே அழைத்து, பலகையில் அவர் பெயரையே அடித்துவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அதை எங்கிருந்தோ கேட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "உன் பேருதான் வரணும். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்றார், அதுவும் மெதுவாக.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கேட்டால் "ஒண்ணும் மோசமில்ல" என்கிறார். நம் ஊர் ஆண்கள் இடி விழுந்தாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? சாப்பிடுகிறார், ஷெட்டுக்குப் போகிறார், கொக்கிகளை அரம் போட்டுத் தீட்டுகிறார். ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் நான் கேட்காமலே மாட்டிவிட்டார், டெல்மர். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். சீக்கிரம் தேறி வாருங்கள். அவரோடு உட்காருங்கள். இந்த மனிதருக்கு ஒரு மீன், ஒரே ஒரு மீன், அவர் கோலில் மாட்டும்படி ஏதாவது செய்யுங்கள். மீன் பிடிப்பது மனுஷப் பிறவிக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம். என்னை அந்தப் படகிலிருந்து விடுவித்தால் போதும்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு முத்தம். கனமானதைத் தூக்காதீர்கள், வேளைக்கு மாத்திரை போடுங்கள், ஆண்டவர் உங்கள் தையலைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் அண்ணி,
ஆர்டிஸ் க்வாமி

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான். உங்கள் பூனைக்குச் சாப்பாடு வைக்கத் தினமும் உங்கள் வீட்டுக்குப் போகிறேன் அல்லவா? பின்பக்கம் கவிழ்த்து வைத்திருந்த சின்ன அலுமினியப் படகை, சும்மா ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான், தண்ணீரில் இறக்கினேன். கோலும் கையோடு இருந்தது. உங்கள் வீட்டுக்கு எதிரே நாணல் முடிகிற இடத்தில், என் ரப்பர் மீனுக்குப் பின்னாலேயே ஒன்று படகுவரை வந்தது. போட்டியில் பிடித்ததெல்லாம் இதற்குக் குஞ்சு. நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கீழே போய்விட்டது. என்ன திமிர்! இன்றைக்கும் போனேன், இன்றைக்கும் பார்த்துவிட்டுப் போகிறது. அதற்கு எந்த நிற ரப்பர் மீன் போட வேண்டும், கறுப்பா ஆரஞ்சா? உடனே எழுதுங்கள், சர்ச் முகவரிக்கு எழுதுங்கள், வீட்டுக்கு வேண்டாம். பாவம் உங்கள் அண்ணன், அவரிடம் இடத்தைச் சொல்லிவிடலாமா என்று நேற்று சாப்பாட்டு மேசையில் ஒரு நிமிடம் வாய்வரை வந்தது. உருளைக்கிழங்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் ஏரி உறைகிற வரை அங்கேயே நன்றாக ஓய்வெடுங்கள், ஓர் அவசரமும் இல்லை.