அத்தைக்கு முழு அதிகாரம்

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க அத்தை!"

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க?"

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். மருந்துக்கடைக் கணக்கரான அவர், மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டரில் யாருக்கு என்ன உரிமை என்பது நேற்றைய பாடம். படித்ததை வீட்டில் செய்துபார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு மூத்தவர் என்ற மரியாதையில் மாமியாரையே முழு உரிமையுள்ள அட்மின் ஆக்கினார். தனக்குச் சாதாரண உரிமை போதும் என்று அடக்கமாக ஒதுங்கிக்கொண்டார். மனைவி வரைந்த பள்ளிக் கட்டட வரைபடம் பத்திரமாக இருக்கட்டும் என்று, அட்மின் மட்டுமே திறக்கும்படி பூட்டியும் வைத்தார்.

இன்று மதியம் அந்த வரைபடத்தை மனைவி ஆபீசில் கொடுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் இழைத்த வேலை.

"நான் என்ன அந்நியனா அத்தை?"

"திருடன்கூடச் சொந்தக்காரன் மாதிரிதான் பேசுவான்னு சொல்லிக் கொடுத்தீங்களே!"

மாணவி இத்தனை கெட்டிக்காரியாக இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தானே ஊகித்துத் தட்டினார். பலமுறை தவறாகப் போகவே, கம்ப்யூட்டர் அட்மினையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

"இப்ப சொன்னாலும் திறக்காதா?" என்றார் மாமியார், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

கடைசியில் 'மீட்டமை', அதாவது ரீசெட் என்ற பட்டன் கண்ணில் பட்டது. அந்தப் பாடம் அடுத்த வாரம்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டார். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்கப் பொறுமையில்லாமல் 'சரி' என்று தட்டினார். சற்று நேரத்தில் திரை துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று வந்தது. வரைபடம் மட்டுமல்ல, எதுவுமே இல்லை.

மனைவி ஆபீசுக்குக் கிளம்பி வந்தாள். "என்னங்க, இப்படி வேர்க்குது?"

"உன் வரைபடத்தை அழிச்சுட்டேன்மா." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இனி அந்த வகுப்புப் பக்கமே போகமாட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் கைக்குட்டையை நீட்டினார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"அவ சிரிக்கிறா மாப்பிள்ளை! நீங்க வகுப்புல சேர்ந்த அன்னிக்கே, கம்ப்யூட்டருக்குள்ள உங்களுக்குன்னு ஒரு பொம்மைக் கம்ப்யூட்டர் பண்ணி, எல்லாத்துக்கும் அதுல நகல் போட்டு வெச்சுட்டா. நீங்க அழிச்சது அதைத்தான், நிஜக் கம்ப்யூட்டருக்கு அப்போலேருந்தே நான்தான் அட்மின்!"