தங்க ஓட்டம்: ஒரு செயல்வழிப் பாடம்

தங்கம் தேடி மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய வரலாற்றை நாட்டின் வருங்காலத் தூண்களுக்குச் செயல்வழியில் புகட்ட வேண்டும் என்று மேலிடம் திருவாய் மலர்ந்தருளியது. சுற்றறிக்கையில் அதன் பெயர் 'தங்க ஓட்டம்'. தலைமையாசிரியர் கண்ணில் 'ஓட்டம்' மட்டும்தான் பட்டது. பாடத்தைத் தூக்கி டிரில் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார்.

சரித்திர டீச்சர் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். அவள் வேலை தற்காலிகம். அதிகாரி வந்து பார்க்கப்போகும் இந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் வேலை நிலைப்பதும் போவதும்.

"சார், இது ஓட்டப்பந்தயம் இல்ல சார். ஜனங்க வீடு வாசலை விட்டுட்டுத் தங்கம் தோண்டப் போன கதை."

"நடந்து போனாங்களா, ஓடினாங்களா?"

"அவசரமாத்தான் போனாங்க..."

"அப்ப ஓட்டம்தானேம்மா! வேணும்னா ஒண்ணு செய்யுங்க. அவர் விசில் ஊதட்டும், பிள்ளைங்க ஓடட்டும், ஓடி முடிச்ச இடத்துல நீங்க சரித்திரத்தை வச்சுக்குங்க."

எல்லாம் தலையெழுத்து என்று டீச்சர் கூழாங்கற்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து மைதானத்தின் கோடியில் புதைத்தாள்.

அதிகாரி வந்தார். டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். பிள்ளைகள் பறந்தார்கள். இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி மண்ணைக் கிளறி, "தங்கம்!" என்று கத்தினாளோ இல்லையோ, அதிகாரி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார். பின்னாலேயே தலைமையாசிரியர். விசிலை விழுங்காத குறையாக டிரில் மாஸ்டர். பிள்ளைகளை ஓரங்கட்டிவிட்டுப் பெரியவர்கள் மூவரும் மண்டிபோட்டு மண்ணைப் பிறாண்ட ஆரம்பித்தார்கள். அடடா, செயல்வழிக் கற்றல் என்றால் அதுவல்லவா!

"ஐயா, அது நான் பெயிண்ட் அடிச்ச கல்லுங்க!" என்று டீச்சர் கதறினாள்.

"முதல்ல கண்டுபிடிக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் மறைப்பாங்க," என்றார் அதிகாரி, மூச்சு வாங்க. "எனக்கும் சரித்திரம் தெரியும்மா."

மறுவாரம் ஆணை வந்தது. பள்ளி மைதானம் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கனிமத்தை முதலில் அடையாளம் கண்ட ஆசிரியையின் பணி, தங்கம் கிடைக்கும் நாள்வரை நீட்டிக்கப்படுகிறது.

டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தங்கம் எங்கே கிடைக்கப்போகிறது? இனி அவளை அசைக்க ஆளில்லை! சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஊரே கடப்பாரையோடு வரிசையில் நின்றது. இரட்டைப் பின்னல்காரி உள்ளே ஓடிவந்தாள்.

"டீச்சர், எங்கப்பா வேலைய விட்டுட்டுத் தோண்ட வந்துட்டாரு. நீங்க வெறும் பெயிண்ட்னு சொன்னீங்களே, நெசமாவே அடியில தங்கம் இருக்கா?"

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லு, கண்ணு."